உலகம்மாளின் பயம்

பயம் கம்மியாக உள்ள ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கோச்சிங் சென்டரில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். உலகம்மாள் அதற்காக ஊர் ஊராகத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருந்தான் ஒருத்தன், தாலி கட்டிய புருஷன். கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் ரிப்பேர் வேலை பார்ப்பவன். பார்க்கிறவனுக்குத் தலை கிறுகிறுக்கிற உயரத்தில், காற்றாடிக்குப் பின்னால் உள்ள எந்திரப் பெட்டியின் கூரைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சோறு சாப்பிடுகிற ஆள். பெயர் ஆவுடையப்பன்.

வான்விளிம்புப் படையில் அதிகாரியாவது என்றால் சும்மாவா? காற்று தீர்ந்துபோகிற உயரத்தில் ஒரு சின்னக் கூண்டுக்குள் தனியாளாகக் கிடந்து, எதிரியின் ஏவுகணை வருகிறதா என்று பார்த்து, வந்தால் அங்கேயே வழிமறிக்கிற வேலை. அந்த நேரம் கை நடுங்கினால் கீழே ஒரு நகரமே போய்விடும். அதனால் அந்தப் படையில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி மேலே போவார். அவருடைய பயம் கீழேயே இருக்கும், இன்னொரு மனிதரின் உடம்பில். அந்த இன்னொருவருக்குப் படையின் பாஷையில் 'இணைத் தாங்கி' என்று பெயர். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் 'சுமைதாங்கி' என்பார்கள். கூலிக்கு ஆள் பிடிக்க முடியாது, அந்நியர் உடம்பில் அது ஒட்டாதாம். ஒரே வீட்டில் உண்டு உறங்குகிற உறவாக இருக்க வேண்டும். தேர்வுக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் சுமைதாங்கியைத் தானேதான் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

இந்த வழக்கம் வந்தாலும் வந்தது, கல்யாண விளம்பரங்களின் லட்சணமே மாறிப்போனது. 'மணமகன் தேவை. தீயணைப்பு வீரர், பாம்பு பிடிப்பவர், உயரத்தில் பணிபுரிபவர் விரும்பத்தக்கது' என்று கூச்சமில்லாமல் போட்டார்கள். உலகம்மாளின் அப்பாவும் அப்படி ஒரு விளம்பரம் கொடுத்துத்தான் ஆவுடையப்பனைப் பிடித்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வியே, "மேல இருந்து கீழ பாத்தா உங்களுக்கு என்ன செய்யும்?" என்பதுதான்.

"ஒண்ணும் செய்யாது. பசிக்கும்" என்றான்.

அந்த நிமிஷமே சரி என்று தலையாட்டிவிட்டாள். எதற்காகச் சரி என்றாள் என்பது அவனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். 'சுமைதாங்கிக்கு மாலை போட்டிருக்கா' என்று பந்தியிலேயே சிரித்தார்கள்.

அப்புறம் அவளுக்கு அவனை நிஜமாகவே பிடித்துப்போனது. அவன் வேலைக்குப் போன நாளில் காற்று ஓங்கி அடித்தால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாசலில் அவனுடைய பைக் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே வரும். இதை வாயைத் திறந்து அவனிடம் சொன்னாளா? அதுதான் இல்லை. ஊரே அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தபிறகு, 'உங்கள நெனச்சா எனக்குப் பயமா இருக்கு' என்றால் அவனே நம்புவானா என்று கூச்சம். செலக்ட் ஆகட்டும், அப்புறம் ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். பாவி, அதை மட்டும் தள்ளிப்போடாமல் இருந்திருக்கலாம்.

முன்னால் இரண்டு தடவை முட்டி மோதிப் பார்த்தாகிவிட்டது. முதல் தடவை சுமைதாங்கியாக அண்ணனைக் கூட்டிப்போனாள். பயத்தை ஆள் மாற்றுகிற கழுத்துப் பட்டையை மாட்டிய உடனேயே எழுந்து ஓடினவன் ரயில்வே ஸ்டேஷனில் போய்த்தான் நின்றான். இரண்டாவது தடவை வேறு யாரும் வர மாட்டேன் என்று சொல்லிவிட, கூப்பிட்ட கடிதம் வீணாகப் போனது. அதற்குப் பிறகுதான் கல்யாணம். இப்போது மூன்றாவது தடவை. வயது வரம்பு இத்தோடு சரி. இதையும் விட்டால் சின்ன வயதிலிருந்து கண்ட கனவைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

மலைமேல் இருந்தது தேர்வு மையம். முதல் நாள் காலையில் மனநல மருத்துவர் ஷமீமா இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற இரண்டு சாம்பல் நிறப் பட்டைகள் மேஜைமேல் இருந்தன.

"ஏன் டாக்டரம்மா, மாத்திரை குடுத்துப் பயத்தை ஒழிச்சிரலாமே. எதுக்கு இன்னொரு ஆளு?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"ஒழிச்சுப் பாத்தாங்க. பயம் சுத்தமா செத்துப்போனவங்க நெருப்பைப் பாத்துட்டும் ஒதுங்கல. நல்ல நல்ல பசங்க எத்தனையோ பேர் போயிட்டாங்க. பயம் உயிரோட இருக்கணும், ஆனா வேலை செய்யிற கையில அது இருக்கக் கூடாது. அதுக்குத்தான் இது. இவங்களுக்கு வர்ற பயம் இவங்க மனசுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்துரும்."

"வந்தா நா என்ன செய்யணும்?"

"பயப்படணும். அவ்வளவுதான்."

"அட, இதுக்குப் போயா இத்தனை கையெழுத்து வாங்குதீங்க" என்று சிரித்தான்.

உலகம்மாள் கேட்டாள்: "எல்லாமே போயிருமா டாக்டர்?"

"பயம் மட்டும்தான் போகும், எதைப் பத்தின பயமா இருந்தாலும். கோபமோ துக்கமோ ஆசையோ உங்களோடதுதான், அதை இது தொடாது." பிறகு விதிகளைச் சொன்னார். தேர்வு நடக்கும் ஐந்து நாளும் பட்டையைக் கழற்றக் கூடாது. தேர்வாளருக்கு ஒரு கட்டடம், தாங்கிக்கு ஒரு கட்டடம். ஒருவரை ஒருவர் பார்க்கவோ பேசவோ கூடாது. தினமும் சாயங்காலம் இரண்டு பேரிடமும் தனித்தனியாக 'தொடரலாமா?' என்று கேட்பார்கள். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் போதும், அத்தோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த உலகம்மாளுக்கு உலகமே புதிதாக இருந்தது. தேர்வுக் குழு என்ற பெயரைக் கேட்டாலே ஓடி ஒளியத் தோன்றும் அவளுக்கு. இன்றைக்கு ஒன்றையும் காணோம். நீலச் சீருடையில் விறைப்பாக நின்ற பெரிய அதிகாரிகள் எல்லாம் பக்கத்து வீட்டு மாமாக்கள் மாதிரி தெரிந்தார்கள். கயிறும் பலகையும் கொடுத்து ஒரு குழுவையே பள்ளத்தைத் தாண்டவைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்க, இவள் நிதானமாக யார் எங்கே நிற்பது என்று சொல்லி முடித்துவிட்டாள். இருட்டு அறைக்குள் அடைத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினார்கள். மூச்சு முட்டும்போதும் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கூண்டோடு உயரத்திலிருந்து கீழே தள்ளினார்கள். விழுந்துகொண்டே விசைகளை வரிசையாகப் போட்டாள். தேர்வு பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் கேட்டார்கள். "தொடரலாமா?"

"தாராளமா சார்" என்றாள். ஆவுடையப்பனும் தொடரலாம் என்றுதான் சொல்லியிருந்தான். அதனால்தான் மறுநாள் தேர்வு நடந்தது. அப்புறமென்ன? அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினாள்.

கூடத் தேர்வுக்கு வந்தவர்களில் நாகர்கோவில்காரன் ஒருவன், பெயர் ரெஜின். கெட்டிக்காரன், இவளுக்குச் சரியான போட்டி. எடுக்கப்போவதோ ஒரே ஒருவரை. சுமைதாங்கியாக அவன் கூட்டி வந்திருந்தது அவனுடைய அம்மாவை. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இவள் எதிரில் உட்கார்ந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. கழுத்தில் பட்டை இல்லை.

"அக்கா, நான் போறேன். எழுதிக் குடுத்தாச்சு."

"ஏன்? என்ன ஆச்சு?"

"குளிக்கும்போ பட்டையைக் கழத்திப் பாத்தேன். சும்மா, ஒரு நிமிசம் கழத்துனா என்னன்னு பாப்பமேன்னு." அவன் தண்ணீர் தம்ளரை எடுத்துவிட்டு, குடிக்காமலேயே வைத்தான். "கழத்துன உடனே எங்கம்ம ஞாபகம் வந்துட்டுக்கா. மூணு நாளா அம்ம எப்பிடி இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. யோசிச்சுப் பாருங்க, ஒரு தடவகூடத் தோணல. அங்க என் அம்மயப் போட்டு என்ன பாடு படுத்துறாங்களோன்னு குலை நடுங்கிட்டு. ஓடிப் போயிப் பாத்தேன்."

"எப்படி இருந்தாங்க?"

அவன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். "நீங்களும் ஒரு நிமிசம் கழத்திப் பாருங்கக்கா. பாத்துட்டு முடிவெடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

உலகம்மாளின் கை கழுத்துவரை போனது. போன கை அங்கேயே நின்றது. பட்டையைக் கழற்றியது தெரிந்தால் தகுதி நீக்கம். இவன் எப்படியும் போகிறவன், போகிற போக்கில் எனக்கும் ஆப்பு வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறானோ? 'கடைசி நாட்களில் போட்டியாளர் சொல்லும் அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்' என்று கோச்சிங் சென்டர் வாத்தியார் அடித்துச் சொல்லியிருந்தார்.

அவளுக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மனசு முன்கூட்டியே சொல்லிவிடும். அப்பா லாரியில் அடிபட்டபோது ஃபோன் வருவதற்கு முன்னாலேயே அம்மா, 'என்னமோ நெஞ்சு படபடங்குது, அவியளுக்கு என்னமோ ஆயிருக்கு' என்று அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றவள். சித்தியும் அப்படித்தான், அத்தையும் அப்படித்தான். அந்த வீட்டில் எல்லோரும் கடிகாரத்தைவிட அந்தப் படபடப்பைத்தான் நம்புவார்கள். உலகம்மாள் கண்ணை மூடி நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். ஒரு அசைவு இல்லை, கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அவருக்கு ஏதாவது என்றால் எனக்குத் தெரியாமலா போகும்? நன்றாகத்தான் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டு, மிச்சச் சோற்றை ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

எவ்வளவு படித்த பெண்! படபடப்பது எதுவோ அதைத்தானே கழுத்திலிருந்து உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

ஜன்னல் வழியாக ரெஜினும் அவன் அம்மாவும் போவதைப் பார்த்தாள். வெட்டவெளியில், சமதரையில், அந்த அம்மாள் மகனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆற்றைக் கடக்கிறவள் போலக் காலால் தரையைத் தடவித் தடவி நடந்தாள். பாவமாக இருந்தது உலகம்மாளுக்கு. ஒரு போட்டி ஒழிந்தது என்று உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமும் அடுத்த நாள் சாயங்காலமும் தொடரலாம் என்றே சொன்னாள்.

கடைசி நாள் தேர்வுக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தலைவர் பிரிகேடியர் சட்டநாதன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. இத்தனை நாள்ல ஒரு தடவைகூட உங்க கணவர் எப்படி இருக்கார்னு எங்ககிட்ட விசாரிக்கலயே, ஏன்?"

"அவர் தாங்குவார்னு எனக்குத் தெரியும் சார்."

பிரிகேடியர் தலையை ஆட்டினார். பாராட்டுகிறாரா, பரிதாபப்படுகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "தாங்கிட்டார். நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. வாழ்த்துகள்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "மனசுல வச்சுக்க வேண்டிய ஒரு விஷயம் சொல்றேன். பயமில்லாம கூண்டை ஓட்டுறதுக்கு எங்களுக்கு நிறையப் பேர் கிடைப்பாங்க. பட்டையை மாட்டினா யாரு வேணும்னாலும் ஓட்டலாம். கடைசி நாள் வரைக்கும் தொடரலாம்னு சொல்ற தாங்கி கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு. உண்மையைச் சொன்னா, நாங்க தேர்ந்தெடுத்தது அவரைத்தான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷமீமா எழுந்துவந்து அவள் கழுத்துப் பட்டையைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார். "சாயங்காலம் நியமனக் கையெழுத்துப் போட்டுட்டு இதைத் திரும்ப வாங்கிக்கலாம். அதுவரைக்கும்..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் உலகம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். மடை உடைந்ததுபோல வந்து அடித்தது. இத்தனை நாள், ஐயோ, இத்தனை நாள்! அவருக்கு என்ன ஆயிற்றோ, எப்படி இருக்கிறாரோ! பிரிகேடியருக்கு ஒரு சல்யூட்கூட வைக்காமல் ஓடினாள். படியில் கால் இடறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, தாங்கிகளின் கட்டடத்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு கதவாகத் தள்ளினாள்.

ஆவுடையப்பன் அறையின் மூலையில், தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு ஓரங்களைத் துண்டால் முடிந்து வைத்திருந்தான். கட்டிலில் படுத்த அடையாளமே இல்லை. மெத்தையை இழுத்துத் தரையில் போட்டிருந்தான்.

"கட்டில் ரொம்ப உசரமா இருக்கு" என்றான், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. அந்தக் குரலில் ஒரு வெட்கம் இருந்தது.

அவள் அப்படியே அவன் முன்னால் விழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குமுறி அழுதாள். பின்னாலேயே வந்த ஷமீமா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "பட்டையைக் கழட்டிட்டாலும் கொஞ்சம் உடம்புலயே தங்கிரும். இனிமே அவர் ஏணி ஏறுற வேலைக்குப் போக முடியாது. முன்னாடியே எழுத்துல கொடுத்திருந்தோம்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"ஒரு வார்த்த வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே! ஏங்க சொல்லல?" என்று அவனை உலுக்கினாள் உலகம்மாள்.

"சொல்லத்தான் நெனச்சேன். மொத நாளு உன்னய அந்த இருட்டுல போட்டு அடச்சப்பவே வாந்தி எடுத்துட்டேன். சாயங்காலம் கேக்க வரட்டும், போதும் சாமின்னு சொல்லிருவோம்னு உக்காந்திருந்தேன். அப்பத்தான் வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"வேற ஒரு பயம்." அவன் கண் மின்னியது. "அது இருட்டுப் பயமும் இல்ல, விழுத பயமும் இல்ல. இந்த ஆவுடைக்கு என்னமும் ஆயிருமோ, அவன் சாப்ட்டானா, அவனுக்கு ஒண்ணுன்னா நா எப்படி இருப்பேன்... அப்படி ஒரு பயம். எனக்கு என்னைப் பத்தி இம்புட்டுப் பயம் என்னைக்கும் கிடையாது உலகு. அப்ப அது ஆரோடது? உன்னோடதுதான!"

அவள் அழுகை நின்றுவிட்டது.

"மூணு வருசமா உங்கூட இருக்கேன். நீ எதுக்கு என்னக் கட்டிக்கிட்டன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வந்தேன். நம்மள இவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா, கேட்டா சங்கடப்படுவாளேன்னு கேக்காமலே இருந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் எந்தச் சந்தேகமும் இல்லாம தெரிஞ்சு போச்சுளா. மத்த பயமெல்லாம் பிச்சுத் திங்கும், நடுவுல அப்பப்ப இது வரும். இது வராதான்னு காத்துக்கிட்டே கெடந்தேன். வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்?"

உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போதும். எனக்கு இந்த வேல வேண்டாம். கையெழுத்துப் போட மாட்டேன். வாங்க, இப்பவே ஊருக்குப் போவோம்."

அவன் முகம் சட்டென்று வாடியது. "பட்டை?"

"அது அவங்களோடது. கையெழுத்துப் போடலன்னா குடுக்க மாட்டாங்க. இனி அந்தச் சனியன் நமக்கு எதுக்கு?"

அவன் தன் கழுத்துப் பட்டையை விரலால் தடவிக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "இப்ப என்னை நெனச்சு உனக்குப் பயமா இருக்கா?"

"என்ன கேள்வி இது? ஈரக்கொல நடுங்குதுங்க!"

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"நாந்தான் சொல்லுதேன்லா! அழுதேன்லா!"

"அழுத. சரிதான். எங்க மதினிகூடத்தான் எழவு வீட்டுல முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கும் அழும்." அவன் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னான். "உன்னக் குத்தம் சொல்லல. அது உள்ள வந்து இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இப்ப நீ சொல்லுத, நா கேக்குதேன். ஆனா அது வரலயே. மாட்டிக்கோ உலகு. கையெழுத்தப் போட்டுட்டு மாட்டிக்கோ."

"மாட்டிக்கிட்டா எனக்கு அது இருக்காதுங்க! புரியுதா உங்களுக்கு? நீங்க இருக்கீங்களா செத்தீங்களான்னுகூடத் தோணாம கல்லு மாதிரி உக்காந்திருப்பேன்!"

"பரவால்ல. எனக்கு வரும்லா."

அவனுக்கு எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்தாள். மடியில் படுக்கவைத்துத் தலையைக் கோதிக்கொடுத்தாள். காற்று அடித்த நாட்களில் புத்தகத்தில் வரி ஓடாமல் உட்கார்ந்திருந்ததை, பைக் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தால் அவன் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஆடியிருப்பான். இப்போது, "அப்படியா? அப்படியா?" என்று மரியாதைக்குக் கேட்டுக்கொண்டான். வெறும் வார்த்தைகள் இனி அவனுக்குப் போதவில்லை. அவள் சொல்லச் சொல்ல அவன் விரல்கள் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தன.

சாயங்காலம் அவள் போய்க் கையெழுத்துப் போட்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ தோளில் நட்சத்திரம் குத்திவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து கண்ட கனவு, போட்டோகூட எடுத்தார்கள். பட்டையை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அறைக்குத் திரும்பி வந்து, அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். அவனுக்காக அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. பிறகு மாட்டிக்கொண்டாள்.

ஆவுடையப்பனின் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. பற்கள் கிட்டித்தன. நெற்றியில் வேர்வை பொடித்தது. அத்தனைக்கும் நடுவில் அவன் முகம் மலர்ந்தது.

"வந்துட்டு" என்றான். "வந்துட்டுளா."

அவனுக்கு என்ன ஆகுமோ என்று நினைத்துப் பார்க்க முயன்றாள் உலகம்மாள். ஒன்றும் வரவில்லை. சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டோமே என்ற வருத்தம் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் போய் யாருக்குக் கொடுப்பது? அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் கை நடுங்கவே இல்லை.